பேரிடர் நேரம் – 6: கூப்பிட்டால் மட்டும் வரவும்

1970 செப்டம்பர் கடைசி வாரம். தெற்குக் கலிஃபோர்னியாவின் மலைச்சரிவுகளில் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த புதர்க்காட்டின் மீது, சாண்டா ஆனா என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வறண்ட காற்று இறங்கியது. அடுத்த 13 நாட்களில் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 700-க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின. 16 பேர் இறந்தார்கள்.

தீயணைக்க ஆள் வரவில்லையா என்றால், வந்தார்கள். கூட்டரசின் வனத்துறை, மாநில வனத்துறை, கவுன்ட்டிகளின் தீயணைப்புத் துறைகள், நகரங்களின் துறைகள் என எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் வந்தன. தொல்லை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. ஒரு துறையின் வயர்லெஸ்ஸில் பேசினால் பக்கத்துத் துறைக்குக் கேட்காது. துறைக்கு ஒரு தலைமை, தலைமைக்கு ஒரு திட்டம். 'ஒரு வண்டி அனுப்புங்கள்' என்று கேட்டால் அதில் எத்தனை ஆட்கள், எவ்வளவு தண்ணீர், என்ன பம்ப் வரும் என்பது வந்து நின்ற பிறகுதான் தெரியும்.

தீ அணைந்ததும் அமெரிக்க நாடாளுமன்றம் வனத்துறைக்குப் பணம் ஒதுக்கி, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கச் சொன்னது. ரிவர்சைடில் இருக்கும் காட்டுத்தீ ஆய்வகத்தின் உதவியோடு, கூட்டரசு முதல் நகரம் வரையிலான தீயணைப்பு அமைப்புகள் 'ஃபயர்ஸ்கோப்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து 1970-களில் உருவாக்கியதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், அதாவது சம்பவ இடத்துத் தலைமை முறை. பழைய சம்பவங்களை அலசியபோது அவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: கருவி போதாமல் தோற்றதைவிட, நிர்வாகம் குழம்பித் தோற்றதுதான் அதிகம்.

சென்ற வாரம் எச்சரிக்கை மக்களைச் சென்றடையும் வழியைப் பார்த்தோம். இந்த வாரம் எச்சரிக்கைக்கு அடுத்த கட்டம். உதவி வந்து சேர்ந்துவிட்டது. இனி யார் சொல்வதை யார் கேட்பது?

இந்த முறையில், முதலில் வந்து சேரும் வண்டியின் தலைவர்தான் கமாண்டர். அவர் துறையில் எவ்வளவு இளையவராக இருந்தாலும் சரி. களத்தில் ஆள் கூடக்கூட அவருக்குக் கீழே நான்கு பிரிவுகள் முளைக்கலாம். தீயோடு நேரடியாக மல்லுக்கட்டுவது செயல்பாட்டுப் பிரிவு. அடுத்த 12 மணி நேரத்தில் என்ன நடக்கும், அதற்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போடுவது திட்டமிடல் பிரிவு. சோறு, டீசல், படுக்கை, பேட்டரி எல்லாம் தளவாடப் பிரிவின் பொறுப்பு. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், எந்த வண்டியின் வாடகை எவ்வளவு என்று எழுதி வைப்பது நிதிப் பிரிவு. சின்ன சம்பவம் என்றால் இந்த நான்கும் கமாண்டரின் தலையிலேயே இருக்கும். கமாண்டர் என்ற ஒரு பொறுப்பை மட்டும் எந்த நேரத்திலும் காலியாக விடக்கூடாது.

இதில் நம் ஊர் அதிகாரிகளுக்குக் கசக்கக்கூடிய விதி ஒன்று இருக்கிறது. மேலதிகாரி களத்துக்கு வந்து இறங்கிவிட்டதாலேயே தலைமை அவருக்குப் போய்விடாது. இருப்பவர் நிலவரத்தை விளக்கிச் சொல்ல வேண்டும், வந்தவர் 'நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும், அது எல்லோருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். அதுவரை எத்தனை நட்சத்திரம் தோளில் மின்னினாலும் அவர் பார்வையாளர்தான். கல்யாண வீட்டில் ஆளாளுக்குச் சமையல்காரரிடம் போய் ஒன்று சொன்னால் பந்தி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் ஒருவருக்கு ஒரே ஒரு மேலாளர் என்பதில் இந்த முறை கறாராக இருக்கிறது. ஒருவரின் நேரடிப் பொறுப்பில் மூன்று முதல் ஏழு பேர் வரைதான், ஐந்து பேர் என்றால் நல்லது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த அமைப்பின் உயிர் அமைப்புப் படத்தில் இல்லை. வண்டிகள் காத்து நிற்கும் மைதானத்தில் இருக்கிறது.

உதவிக்கு வரும் எந்த வண்டியும் நேராகத் தீக்குள் போகக் கூடாது. முதலில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில 'T' எழுத்து வடிவத்தில் ஒரு அட்டை உண்டு. தீயணைப்பு வண்டிக்கு ரோஜா நிறம், ஆட்கள் குழுவுக்குப் பச்சை, ஹெலிகாப்டருக்கு நீலம். ஒவ்வொன்றும் எப்போதும் மூன்றில் ஒரு நிலையில் இருக்கும்: வேலையில் இருக்கிறது, தயாராக இருக்கிறது, பயன்பாட்டில் இல்லை. நான்காவதாக 'எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை' என்ற நிலை வந்துவிட்டால், அங்கே தலைமை கைநழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தயாராக இருப்பவை காத்திருப்புத் தளத்தில் நிற்கும். கூப்பிட்டால் 3 நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்பது பழைய கணக்கு. டிரைவர் தூங்கப் போய்விட்டால் அந்த வண்டி 'தயார்' இல்லை. அதன் இடம் பின்னால் இருக்கும் முகாம். முகாம் தளவாடப் பிரிவின் கையில், காத்திருப்புத் தளம் செயல்பாட்டுப் பிரிவின் கையில். ஒரே ரக வண்டிகளை ஐந்தைந்தாகக் கட்டி, ஒரு தலைவரையும் பொதுவான அலைவரிசையையும் கொடுத்தால் அது ஸ்டிரைக் டீம். வெவ்வேறு ரகங்களைக் கலந்தால் டாஸ்க் ஃபோர்ஸ். இப்படி ஆக்கிவிட்டால் கமாண்டர் இருபது வண்டிகளோடு பேச வேண்டியதில்லை, நான்கு தலைவர்களோடு பேசினால் போதும்.

படிக்க எளிதாக இருக்கிறது. எதிரே ஊர் எரியும்போது, கைநிறைய ஆள் வைத்துக்கொண்டு அவர்களைச் சும்மா நிற்கச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! காத்து நிற்பவருக்கும் அதே அளவு வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த முறையில் அடிக்கடி உடையும் கண்ணி இதுதான்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் அதுதான் உடைந்தது. பணிநேரம் முடிந்த தீயணைப்பு வீரர்கள்கூட வண்டியில் தொற்றி ஏறி வந்தார்கள். பலர் பதிவு செய்யாமலேயே, தாக்கப்பட்டு எரிந்துகொண்டிருந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்குள் போனார்கள். தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் தனித்தனிக் கட்டளை மையங்கள். மேலே வட்டமிட்ட போலீஸ் ஹெலிகாப்டர்களில் இருந்தவர்கள் கண்ணால் கண்டது, கீழே தீயணைப்புத் தலைவர்களுக்கு நேரடியாக எட்ட வழியில்லை. தெற்குக் கோபுரம் 9:59-க்கு விழுந்தது, வடக்குக் கோபுரம் 10:28-க்கு. அந்தத் துறை மட்டும் 343 பேரை இழந்தது. அவர்களுடைய துணிச்சலில் யாரும் குறை சொல்ல முடியாது. துணிச்சலுக்கு ஒரு பதிவேடு இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அதே காலையில் தாக்கப்பட்ட அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் ஆர்லிங்டன் கவுன்ட்டி தீயணைப்புத் துறை ஒரே கமாண்டரின் கீழ் இயங்கியது. கட்டடத்தின் ஒரு பகுதி இடியப்போகிறது என்று 9:55-க்கு வெளியேற உத்தரவு. 9:57-க்கு அது இடிந்தது. மீட்புப் பணியில் இருந்த யாருக்கும் காயமில்லை. பாடப்புத்தகங்கள் இதை இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தத் தாக்குதல்களை விசாரித்த ஆணையமோ இன்னும் நேர்மையாக இருந்தது. பென்டகன் ஒரே கட்டடம், சுற்றி வளைப்பதும் எளிது, அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்றது. அழைக்காமலே வந்த குழுக்களும் தகவல் தொடர்புக் கோளாறும் பென்டகனிலும் இருந்தன என்றும் எழுதியது.

அழைக்காமலே வருவது வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. கேட்டவர் இல்லை, பிரிக்க ஆளில்லை, உடுத்த மனமில்லை. சாலையோரம் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். அவற்றை அள்ளி அப்புறப்படுத்துவது, ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கு இன்னொரு வேலையானது.

அந்தச் சுனாமிக்கு அடுத்த ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் என்ற பெயரில் இந்த முறையை நமக்கேற்ப மாற்றி வழிகாட்டுதலாக வெளியிட்டது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பு அதிகாரி. அவருக்குக் கீழே கமாண்டர், செயல்பாடு, திட்டமிடல், தளவாடம். நிதியைத் தனிப் பிரிவாக வைக்காமல் தளவாடத்துக்குள் அடக்கிவிட்டார்கள். யார் எந்தப் பொறுப்பு என்பதைப் பேரிடர் வரும் முன்பே பெயர் போட்டுத் தீர்மானித்து, பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்கிறது ஆவணம். அடிக்கடி இடமாற்றம் நடக்கும் நிர்வாகத்தில் அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் பயன்.

வந்தவர்களை அனுப்பி வைப்பதற்கும் திட்டம் உண்டு, அதை முன்கூட்டியே எழுதத் தொடங்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தீயோடு போராடிய டிரைவரை, தீ அணைந்த சந்தோஷத்தில் 'கிளம்புங்கள்' என்று நெடுஞ்சாலைக்கு அனுப்பக் கூடாது. அவர் எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார் என்று பார்த்த பிறகுதான் அட்டையில் 'விடுவிக்கப்பட்டார்' என்று எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் பாக்கி வைத்திருக்கிறேன். ஒரே களத்தில் இரண்டு துறைகளுக்கும் சட்டப்படி சம அதிகாரம் இருந்தால் யார் கமாண்டர்? ரசாயன லாரி ஒன்று மாவட்ட எல்லையில் கவிழ்ந்தால் என்ன செய்வது? அது அடுத்த வாரம்.