பட்டாளத்துக் கணவர் அடித்தால் யாரிடம் சொல்வது?

பட்டாளத்துக்காரர் லீவில் வருகிறார் என்றால் திருநெல்வேலி டவுணில் அந்தத் தெருவுக்கே தெரியும். டிரங்குப் பெட்டி வரும். கேன்டீன் சாமான் வரும். பிள்ளைகள் ஸ்டேஷனுக்கே ஓடும். சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர லீவு. அந்த 60 நாளும் பல வீடுகளில் திருவிழாதான்.

சில வீடுகளில் அப்படி இல்லை. லீவு நாளில் அடி விழுகிறது. லீவு முடிந்ததும் கணவர் ரெயில் ஏறிவிடுகிறார். காயம் ஆறுவதற்குள் அவர் காஷ்மீரிலோ அசாமிலோ இருக்கிறார். மனைவி டவுணில் இருக்கிறாள்.

அவள் யாரிடம் சொல்வாள்?

"ராணுவத்துக்காரர் மேல் போலீஸ் கை வைக்காது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "மேலதிகாரிக்கு எழுதினால் வேலை போய்விடும்" என்பார் மாமனார். பெற்ற தாய்க்கும் பயம்தான். "ஏளா, அவன் வேலை போச்சுன்னா ரெண்டு புள்ளைய எப்படி வளப்ப?" என்று கேட்பாள்.

இந்த மூன்று பேச்சிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது?

கை வைக்க முடியாதா?

முதல் பேச்சு தவறு. ராணுவத்தினர் தங்கள் உத்தியோகக் கடமையைச் செய்யும்போது நடந்த காரியத்துக்காக, மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் அவர்களைக் கைது செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது உண்மை. ஆனால் மனைவியை அடிப்பது எந்த உத்தியோகக் கடமை?

மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில் என்ற சட்டம் 1983-ம் ஆண்டு வந்தது. 498-ஏ என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அதுதான். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அது புதிய சட்டத்தில் 85-வது பிரிவாக இருக்கிறது. எண் மாறியது. தண்டனை மாறவில்லை. சிப்பாய் என்றும் கடைக்காரர் என்றும் அந்தச் சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2005-ல் இயற்றப்பட்டு, 2006-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அமலுக்கு வந்தது. பட்டாளத்து மனைவிக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கணவர் எங்கே வேலை பார்க்கிறாரோ அங்கே போய் வழக்குப் போட வேண்டியதில்லை. அவள் எங்கே குடியிருக்கிறாளோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனுக் கொடுக்கலாம். தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும். கணவர் லடாக்கில் இருக்கட்டும். வழக்கு நெல்லையில் நடக்கும்.

"இனி அடிக்கக்கூடாது", "வீட்டைவிட்டு விரட்டக்கூடாது", "செலவுக்குப் பணம் கொடு" என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சம்பளத்தில் பிடித்தம்

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். மேலதிகாரிக்கு எழுதினால் வேலை போய்விடுமா?

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இந்திய ராணுவத்தில் ஜெனரல் முதல் ஜவான் வரை எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது. கோர்ட்டுத் தீர்ப்புக் கடனுக்காக ராணுவத்தினரின் சம்பளத்தை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது அதன் 28-வது பிரிவு. இதை மட்டும் படித்துவிட்டு, "ஒரு பைசா வாங்க முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு.

அவர்கள் இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருக்க வேண்டும். அதே சட்டத்தில் 90, 91 ஆகிய இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. முதலாவது அதிகாரிகளுக்கு. இரண்டாவது மற்றவர்களுக்கு. மனைவியையும் பிள்ளைகளையும் கைவிட்டவரின் சம்பளத்திலிருந்து ராணுவமே ஜீவனாம்சத்தைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று அவை சொல்கின்றன.

எவ்வளவு பிடிப்பார்கள்? ராணுவ உத்தரவின்படி மனைவிக்கு அதிகபட்சம் 22 சதவீதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தரை சதவீதம். மொத்தம் 33 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு கணக்குப் பார்க்கலாம். சம்பளம் 40 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு 8,800 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு 4,400 ரூபாய். ஆக 13,200 ரூபாய் வரை கிடைக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவர் வேலையில் இருந்தால்தானே சம்பளத்தில் பிடிக்க முடியும்? இந்த ஏற்பாடே அவர் வேலையில் நீடிப்பார் என்பதை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஜீவனாம்சம் கேட்டு எழுதிய மனுவால் வேலை போவதில்லை.

மனு வந்ததும் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். கமாண்டிங் அதிகாரி கணவரிடம் விளக்கம் கேட்பார். அவர் பதில் எழுதுவார். பிறகு காகிதம் மேலே போகும். பெரிய அதிகாரியின் உத்தரவு வந்தால்தான் பிடித்தம் தொடங்கும். மாதங்கள் ஆகும். பொறுமை வேண்டும். கோர்ட்டிலும் ஜீவனாம்சம் கேட்டிருந்தால் ஒன்றை மறைத்து இன்னொன்றை வாங்கக்கூடாது. இதை 2020-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடித்ததற்கு என்ன தண்டனை?

ஜீவனாம்சம் வேறு. அடி வேறு. கைவிட்டதற்குப் பணம் கேட்பது ஒரு மனு. அடித்ததற்கு நடவடிக்கை கேட்பது இன்னொரு மனு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதி, கடைசியில் "ஐயா, எப்படியாவது சேர்த்து வையுங்கள்" என்று முடித்தால் அதிகாரி என்ன செய்வார்? கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்பிவிடுவார். சில பெண்களுக்கு அதுவே போதும். போதாதவர்கள் என்ன வேண்டும் என்பதைப் பளிச்சென்று எழுத வேண்டும்.

ராணுவத்தின் நல்லொழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடு செய்வது குற்றம் என்கிறது ராணுவச் சட்டத்தின் 63-வது பிரிவு. ராணுவ கோர்ட்டு விசாரித்தால் 7 ஆண்டு வரை தண்டனை கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போகாமல், சிப்பாயைக் கமாண்டிங் அதிகாரியே விசாரித்து 28 நாள் வரை காவலில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. போலீஸ் வழக்கை ராணுவமே எடுத்து விசாரிக்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் சாதாரண நாளில், நம் நாட்டுக்குள், ஒரு சிப்பாய் மனைவியைக் கொன்றுவிட்டால் அந்த வழக்கு ராணுவ கோர்ட்டுக்குப் போகாது. எல்லோரையும் போல செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போகும்.

தாயின் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. கிரிமினல் கோர்ட்டில் குற்றம் ருசுவாகி ஜெயில் தண்டனை கிடைத்தால், ராணுவம் அவரை வேலையிலிருந்து நீக்கலாம். நீக்கினால் பென்ஷனுக்கும் ஆபத்து. அதனால்தான் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த லீவுக்குக் காத்திருக்கிறார்கள்.

26 பேர் பலி

மூடி மறைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

2002-ம் ஆண்டு அங்கே பிராக் கோட்டை என்ற பெரிய ராணுவ முகாமைச் சேர்ந்த நான்கு வீரர்களின் மனைவிமார் ஆறு வாரத்துக்குள் கொலையுண்டார்கள். நால்வரையும் கொன்றது கணவன்மாரே. நாடே அதிர்ந்தது. சாதாரண கோர்ட்டு போடும் பாதுகாப்பு உத்தரவு ராணுவ முகாமுக்குள்ளும் செல்லும் என்று அந்த ஆண்டே சட்டம் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய கொடுமை 2017-ல் நடந்தது. டெவின் கெல்லி என்பவன் விமானப்படையில் இருந்தவன். மனைவியை அடித்தான். அவளுடைய பச்சைக் குழந்தையின் மண்டை ஓட்டையும் உடைத்தான். 2012-ல் ராணுவ கோர்ட்டு அவனுக்கு ஓர் ஆண்டு காவல் தண்டனை கொடுத்தது. பிறகு படையிலிருந்து விரட்டினார்கள். அதுவரை எல்லாம் சரி.

வீட்டில் அடித்துத் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1996-ம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சிப்பாய்க்கும் விலக்கு இல்லை. கெல்லியின் தண்டனையை விமானப்படை போலீஸ் தலைமையகத்துக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. கடைக்காரர் விசாரித்தபோது ஏட்டில் அவன் பெயர் இல்லை. துப்பாக்கியை விற்றார்.

2017-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்தில் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். மாதாகோவிலில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கெல்லி உள்ளே நுழைந்து சுட்டான். தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர்கள் பலி!

சாவுக்குக் காரணம் கெல்லி மட்டும் அல்ல என்றார் நீதிபதி. 60 சதவீதப் பொறுப்பு அமெரிக்க அரசுக்கு என்று 2021-ல் தீர்ப்பளித்தார். அனுப்பாத ஒரு காகிதத்துக்கு அந்தப் பழி. துணையை அடிப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்து அமெரிக்க ராணுவச் சட்டத்தில் சேர்த்த பிரிவு 2019 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

கடிதம் போகும் வழி

நெல்லைப் பெண் கமாண்டிங் அதிகாரிக்கு எழுத வேண்டுமானால் என்னென்ன தெரிய வேண்டும்? கணவரின் ராணுவ நம்பர், பதவி, பெயர், யூனிட்டின் பெயர். யூனிட் எந்த மலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று அவர் கடிதங்களில் இருக்குமே, அந்த விலாசம் போதும். அதுவும் தெரியாவிட்டால் அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். மதராஸ் ரெஜிமெண்டு என்றால் நீலகிரியில் வெலிங்டன்.

வீட்டில் கணவரின் பழைய கடிதமோ அடையாள அட்டை நகலோ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எடுத்து வைப்பது நல்லது. சண்டை வந்த பிறகு தேடினால் முதலில் காணாமல் போவது அந்தக் காகிதம்தான்.

ஒரு குழப்பமும் உண்டு. நம் ஊரில் காக்கிச் சட்டைக்காரர் எல்லோருமே "மிலிட்டரி"தான். மத்திய ரிசர்வ் போலீசுக்கு ராணுவச் சட்டம் செல்லாது. அதற்கு 1949-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1968-ம் ஆண்டுச் சட்டம். கணவர் எதில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

எழுதத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டத்தில் இருக்கிறது. பெயரில் "முன்னாள்" இருந்தாலும் இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அது உதவும். டவுணிலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை. அங்குள்ள கோர்ட்டில் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். அவசரம் என்றால் 181 என்ற டெலிபோன் நம்பர் இரவிலும் எடுக்கும்.

அடிபட்டால் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், யார் அடித்தது என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அப்படித்தான் சீட்டில் ஏறும். பிறகு அந்தச் சீட்டின் நகலை மனுவுடன் வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும். பதில் வர நாளாகும். ஒரு மாதத்தில் வராவிட்டால் அந்த ரசீதின் நம்பரைப் போட்டு மறுபடியும் எழுதலாம்.