நாற்பத்தெட்டுக் கிலோவின் நியாயம்

நம் ஊர்த் தேநீர்க்கடைகளிலே குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்செழுந்தால், முகமது அலி, மைக் டைசன் என்னும் இரு பெயர்களோடு அது முடிந்துவிடுவதும், அவ்விருவரும் பெருநிறைக்காரர்களாக இருப்பதனால் வீரம் உடம்பின் பருமனைப் பொறுத்ததென்ற அபிப்பிராயம் கேட்பவர் மனத்திலே ஊன்றிவிடுவதும் வழக்கமாயிருக்கின்றன. ஆனால் இலங்கை இந்த விளையாட்டிலே பெற்ற கீர்த்தி, பெரும்பாலும் சிறு சரீரக்காரர் தேடித்தந்த கீர்த்தியேயாகும். 1938ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்ரிகஸ் வென்ற தங்கம் இறகு நிறைப் பிரிவுக்குரியது. எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2010இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவில் மஞ்சு வன்னியாராச்சி வென்று, பின்னர் ஊக்கமருந்துப் பரிசோதனையின் விளைவாய்ப் பறிகொடுத்த தங்கமும் 56 கிலோப் பிரிவுக்குரியதே. 2018இல் கோல்ட் கோஸ்ட் நகரத்துப் பொதுநலவாய விளையாட்டு விழாவில் நமக்குக் கிடைத்த மூன்று குத்துச்சண்டை வெண்கலங்களும் 48, 49, 52 கிலோப் பிரிவுகளில் வந்தவை. அவற்றுள் 48 கிலோ வெண்கலத்தைப் பெற்ற அனுஷா கொடித்துவக்குவை அரையிறுதியில் வென்று, அப்பால் தங்கத்தையும் கைக்கொண்டவர் மணிப்பூரின் மேரி கோம். அவரை இவ்விளையாட்டின் தலைசிறந்தோர் வரிசையில் எவ்விடத்தில் வைப்பது என்பதே இங்கு நாம் ஆராயப்புகும் வினா.

நிறைப் பிரிவு என்பது சிறியோர்க்குக் காட்டப்பட்ட தயவன்று. இரு சரீரங்கள் மோதும்போது பாரமே வெற்றியைத் தீர்மானித்துவிடாமல், யுக்தியும் வேகமும் நெஞ்சுரமும் வெளிப்பட இடம்வேண்டுமென்று கருதியே அப்பிரிவுகள் வகுக்கப்பட்டன. 1909இல் இலண்டன் நகரத்துத் தேசிய விளையாட்டுக் கழகம் வகுத்த எட்டுப் பிரிவுகளில் கடைசியானதாகிய ஈ நிறையின் எல்லை 112 இறாத்தல். அதாவது நம் கமக்காரர் நெல்லை நிறுத்த பழைய அந்தர் ஒன்றே. அந்த எல்லைக்குள் நின்ற வேல்ஸ் நாட்டு ஜிம்மி வைல்ட், பெரும்பாலும் 110 இறாத்தலுக்கும் குறைந்த உடம்போடு தம்மிலும் பாரமானவர்களை வீழ்த்தி, 1916இல் உலக வாகையராகி 1923 வரை அப்பட்டத்தை வைத்திருந்தார். நிறை வேற்றுமையை நீக்கிப் பார்த்தால் யார் பெரியவர் என்று இரசிகர்கள் இன்றும் நடத்தும் விவாதத்தில் தவறாமல் அடிபடும் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

முனைக்காட்டிலோ வந்தாறுமூலையிலோ கூத்துக் களரியிலிருக்கும் அண்ணாவியார், கரப்புடுப்பும் கனத்த முடியும் தரித்து வடமோடி ஆடுபவனை ஓர் அளவாலும், இசைநயத்தில் நின்று தென்மோடி ஆடுபவனை வேறோர் அளவாலும் மதிப்பிடுவாரேயன்றி, ஒன்றின் அளவைக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடமாட்டார். குத்துச்சண்டையிலும் அந்த நிதானம் நமக்கு வேண்டும். ஒரு வீரரின் தரத்தை அறிய, எத்தனை காலம் முதலிடத்தில் நின்றார், எத்தகைய எதிரிகளைச் சந்தித்தார், தமக்குரிய நிறையைத் தாண்டிச் சென்றபோது என்ன செய்தார் என்னும் மூன்று கேள்விகள் போதும்.

முதற் கேள்விக்கு மேரி கோமின் விடை திகைப்பூட்டுவது. 2001இல் முதன்முறையாக நடந்த பெண்கள் உலக வாகைப் போட்டியில் வெள்ளி, பின் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் தங்கம், 2019இல் வெண்கலம். 2007இல் இரட்டைக் குழந்தைகளை ஈன்றவர், மறு ஆண்டே சீனாவின் நிங்போ நகரில் மீண்டும் வாகைசூடினார் என்பதைப் பெண்மக்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். ஆண்களில் ஆறு உலகத் தங்கங்கள் பெற்ற கியூபா நாட்டுப் பெருநிறை வீரர் பெலிக்ஸ் சவோனுக்கு அவர் சமமானவர். மொத்தம் எட்டுப் பதக்கங்களால் அவரையும் மிஞ்சியவர்.

இரண்டாவது கேள்வியில், அவருடைய முற்காலத்து வெற்றிகள் பெண்கள் குத்துச்சண்டை இளம்பருவத்தில் இருந்தபோது, போட்டியாளர் தொகை குறைந்த பிரிவுகளில் கிடைத்தவை என்று சொல்வாருளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், களம் நன்றாக நிறைந்துவிட்ட 2018இல், முப்பத்தாறு வயதை எட்டியவர், தம்மிலும் மிக இளையவராகிய உக்ரேனின் ஹன்னா ஒக்கோட்டாவை ஐந்து நடுவர்களும் ஒருமுகமாகத் தீர்ப்பளிக்க வென்றதை அந்த ஆட்சேபம் தொடமாட்டாது.

மூன்றாவது கேள்வியிலேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதல் இடம்பெற்றபோது, 51, 60, 75 கிலோ என்னும் மூன்று பிரிவுகளே வைக்கப்பட்டன. 48 கிலோவுக்குரிய மேரி கோம் சதையேற்றிக்கொண்டு 51 கிலோவில் இறங்கி, 54 கிலோவில் உலக வாகையராயிருந்த போலந்தின் கரோலினா மிகால்சுக்கை முதற்போட்டியிலேயே வென்றார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 11க்கு 6 என்ற புள்ளிகளில் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். அன்று 60 கிலோவில் தங்கம் வென்ற அயர்லாந்தின் கேட்டி டெய்லருக்குத் தம் இயற்கையான நிறையே ஒலிம்பிக் பிரிவாகவும் அமைந்திருந்தது. மேரி கோமுக்கு அந்தப் பாக்கியம் ஒருநாளும் வாய்க்கவில்லை. பெண்களுக்கான 48 கிலோப் பிரிவு இன்றுவரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றதேயில்லை.

சிறுநிறை வீரர்க்கு ஒரு கிலோ என்றால் என்னவென்பதை 2018 செப்ரெம்பரில் போலந்தில் ஒரு போட்டியின்போது நடந்த நிகழ்ச்சி காட்டும். அதிகாலை மூன்று மணிக்குமேல் விமானத்திலிருந்து இறங்கிய மேரி கோமுக்குக் காலை ஏழரைக்கு நிறை பார்க்கவேண்டியிருந்தது. உடம்போ எல்லைக்குமேல் ஏறக்குறைய இரண்டு கிலோ மிகுந்திருந்தது. களைப்பைப் பாராமல் ஒரு மணிநேரம் இடைவிடாது கயிறடித்து வியர்வையாலேயே அந்தப் பாரத்தை இறக்கி, தராசில் தேறி, அப்போட்டியிலும் தங்கத்தை வென்றார். நூறு கிலோவுக்கு மேற்பட்ட வீரர் இரண்டு கிலோவைப் பொருட்படுத்தவேண்டியதில்லை. நாற்பத்தெட்டில் அது உடம்பின் இருபத்துநான்கில் ஒரு பங்கு.

ஆகவே தீர்ப்பு இதுவாகலாம்: ஐந்து உலகத் தங்கங்களோடு ஒலிம்பிக் தங்கமும், தொழில்முறைக் களத்தில் தம் பிரிவின் பட்டங்கள் அனைத்தும் கொண்ட டெய்லரே பெண்கள் குத்துச்சண்டை முழுவதற்கும் முதல்வர், அவரை அடுத்த ஸ்தானம் மேரி கோமுக்குரியது, சிறுநிறைப் பெண்களில் மேரி கோமுக்கு நிகரில்லை. நம் பாடசாலை விளையாட்டாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெலிந்த பிள்ளையைக் கண்டு, இது சண்டைக்கு ஆகாத உடம்பென்று மைதானத்திலிருந்து திருப்பியனுப்பாதீர்கள், முதலில் தராசில் நிறுத்தி, அந்த நிறைக்குரிய பிரிவு எதுவென்று பாருங்கள்.