தொட்டி மாஞ்செடி வாடுதா? தண்ணீர் ஊற்றும் முன் கொஞ்சம் பொறுங்க

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா. அந்தப் பக்கமெல்லாம் மாந்தோப்புதான். பெங்களூரா எனும் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் மாவட்டம் இது. அங்கே போய்விட்டு ஒரு ஒட்டுச்செடிகூட வாங்காமல் திரும்ப மனசு வராது. நானும் வாங்கினேன். சென்னை பஸ்ஸில் பை கிழிந்து, தாய்மண் இரண்டாக உடைந்து, வேர்கள் அறுந்தன. தொட்டியில் வைத்த மூன்றாம் நாள் இலைகள் தொங்கிவிட்டன.

மண் ஈரமாகத்தானே இருக்கு, ஏன் வாடுது?

தண்ணீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்கள் அல்ல, முடி போன்ற மெல்லிய நுனி வேர்கள். தாய்மண் உடைந்தால் முதலில் அறுவது அவைதான். ஆனால் மேலே இலைகள் அப்படியே இருக்கின்றன, நீராவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. வரவு பாதி, செலவு முழுசு. வாட்டத்தைப் பார்த்துப் பதறி நாம் இன்னும் ஊற்றுவோம். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போய், மிச்ச வேரும் அழுகும்.

என்ன செய்யலாம்?

முதலில் வெயிலிலிருந்து எடுங்க. காலை இளவெயில் மட்டும் படும் பால்கனி மூலை போதும். கருத்துக் குழைந்த வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்குங்க. வெளிர் நிறத்தில் கெட்டியாக இருப்பதைத் தொடாதீங்க. பெரிய இலைகளைப் பாதியாக வெட்டலாம், மொத்தமாக மொட்டையடிக்கக் கூடாது. புது வேருக்குச் சாப்பாடு அந்த இலைகளிலிருந்துதான் போகணும். பூ வந்தால் யோசிக்காமல் கிள்ளிவிடுங்க. ‘பெரிய தொட்டிக்கு மாத்தினா தேறிடும்’ என்பார்கள். மாறாது. வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகலைத்தான் கூட்டும். செம்மண், மணல், கொஞ்சம் மக்கிய தொழு உரம், அடியில் நல்ல வடிகால் ஓட்டை இருந்தால் போதும்.

உரம்? புது இலை முற்றும்வரை வேண்டாம். யூரியா, டிஏபி உப்புகள் காயம்பட்ட வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும்.

தண்ணீர் எப்போது என்பதற்கு என் தொழில் புத்தி கைகொடுத்தது: லக்கேஜ் தராசில் தொட்டியைத் தூக்கி தினமும் எடை எழுதினேன். (வீட்டில் சிரித்தார்கள்.) எடை அசையவே இல்லை என்றால் செடி குடிக்கவில்லை, ஊற்றாதீங்க. தராசு இல்லையா? விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுங்க. காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க.

உயிர் இருக்கா என்று எப்படித் தெரியும்?

நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்க. உள்ளே பச்சை இருந்தால் காத்திருக்கலாம், வாரக்கணக்கில்கூட. செம்பு நிறத் தளிர் வந்தாலும் உடனே கொண்டாட வேண்டாம். தண்டில் சேமித்த சத்தை வைத்தே செடி ஒருமுறை துளிர்க்கும். அந்தத் தளிர் வாடாமல் கரும்பச்சையாக முற்றினால்தான் கீழே வேர் பிடித்திருக்கிறது என்று நம்பலாம்.

எந்த இடத்திலிருந்து துளிர்க்கிறது என்பதையும் பாருங்க. ஒட்டுத் தழும்புக்குக் கீழே வருவதெல்லாம் வேர்ச்செடியின் கிளை. ஆசைப்பட்டு விட்டுவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் போய், ஏதோ ஒரு நாட்டு மாமரம்தான் வளரும்.