ஏற முடிகிற காலத்தில் ஏறுவோம்: ஓய்வுக்காலப் பயணமும் வைப்புத் திட்டமும்

ஐதராபாத் நகரின் கிழக்கே, உப்பலுக்கும் மௌலா அலிக்கும் இடையில் அமைந்திருக்கிறது நாச்சாரம். ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த தொழிற்பேட்டைப் பகுதி இது. இங்குள்ள எங்கள் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களில் பலர் வேலையின் பொருட்டுக் குடிவந்து, வீடு கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர்கள். தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு.

அத்தகைய வாடிக்கையாளர் ஒருவர் சென்ற ஆண்டு தம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வந்தார். அவருக்கு வயது 67. மனைவியின் முழங்கால் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. படிவத்தை நிரப்பிக்கொண்டே அவர் சொன்னார்: "எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மௌலா அலி மலை தெரியும், சார். ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள் என்று முப்பது வருடமாகக் கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்றேன். ஓய்வு பெற்றதும் மகள் பிரசவம், பிறகு மேல்தளம் கட்டும் வேலை. இப்போது டாக்டர் படி ஏறவே கூடாது என்கிறார். இனி அந்த மலையை மாடியிலிருந்துதான் காட்ட முடியும்."

அவருக்குப் பணம் இல்லாமல் இல்லை, நேரமும் இருந்தது. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் வைத்துக்கொள்வது என்ற வரிசைதான் தவறிவிட்டது. ஓய்வுக்காலப் பயணம் குறித்து நாங்கள் சொல்ல விரும்புவது இந்த வரிசையைப் பற்றியே.

ஓய்வுக்காலம் ஒரே காலம் அன்று

அறுபதில் தொடங்கும் ஓய்வுக்காலத்தை ஒரே நீண்ட விடுமுறையாக எண்ணுவது பொதுவான பிழை. உண்மையில் அதில் மூன்று பருவங்கள் உண்டு. ஏறத்தாழ எழுபது வயது வரை மலைப்படி ஏறவும் நெடுந்தூரம் கார் ஓட்டவும் பெரும்பாலோர்க்கு இயலும். அடுத்த பத்தாண்டுகளில் பிறர் ஓட்ட அமர்ந்து செல்வதும் சமதரையில் நடப்பதும் எளிது. அதன்பின் தெருவும் பூங்காவும் நமக்கு உலகமாகின்றன. இந்த எல்லைகள் ஆளுக்கு ஆள் மாறும், வரிசை மாறுவதில்லை.

நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகத் திட்டமிடுகிறோம். அருகில் உள்ளதை 'எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று தள்ளிவைத்து, தொலைவில் உள்ள பெரிய பயணத்திற்காகக் காத்திருக்கிறோம். பயணங்களைத் தொலைவைக் கொண்டு வரிசைப்படுத்தாமல், அவை உடலிடம் கேட்கும் உழைப்பைக் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்ன நம் முன்னோரின் கணக்கும் இதுவே.

முதலில் ஏற வேண்டியவை

மௌலா அலி மலையையே எடுத்துக்கொள்வோம். நாச்சாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். உச்சியில் உள்ள தர்காவுக்கு ஏறக்குறைய 500 படிகள். தக்காணத்தின் இந்தக் கருங்கல் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஒன்றன்மேல் ஒன்றாக எவரோ அடுக்கியவை போலத் தோன்றும் உருண்டைப் பாறைகள், காற்றும் மழையும் வெயிலும் விரிசல்களின் வழியே அரித்து உருவாக்கியவை. நகரம் வளர வளர இவை உடைக்கப்பட்டு வருவதால், பாறைகளைக் காப்பதற்கென்றே 1996-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அச்சங்கம் நடத்தும் பாறை நடைகளில் எல்லா வயதினரும் கலந்துகொள்கின்றனர்.

மலையடிவாரத்தில் மா லகா பாயின் கல்லறை உள்ளது. 1768 முதல் 1824 வரை வாழ்ந்த இவர், உருது மொழியில் கவிதைத் தொகுப்புக் கண்ட தொடக்ககாலப் பெண் கவிஞர்களுள் ஒருவர். நிஜாம்களின் அவையில் மதிப்புப் பெற்றிருந்தவர். தம் தாய்க்கு எழுப்பிய நினைவிட வளாகத்திலேயே இவரும் அடக்கமானார். படி ஏற இயலாதவர்களும் அடிவாரம் வரை சென்று வரலாம்.

ஏற வேண்டிய இன்னோர் இடம் புவனகிரிக் கோட்டை. உப்பலிலிருந்து வரங்கல் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். ஒரே பாறையாக எழும் குன்றின்மேல் அமைந்த இக்கோட்டை, மேலைச் சாளுக்கிய மன்னர் திரிபுவனமல்ல ஆறாம் விக்கிரமாதித்தன் பெயரால் திரிபுவனகிரி எனப்பட்டுப் பின்னர் புவனகிரி ஆயிற்று. குளிர்காலக் காலையில், வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிடுவது நல்லது. வெறும் பாறை விரைவில் சூடேறிவிடும்.

சமதரை நடைகள்

முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கும் அன்றாட நடைப்பயிற்சியை விரும்புவோர்க்கும் அருகிலேயே நல்ல வழிகள் உண்டு. தார்நாகாவை ஒட்டிய உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம் அவற்றில் முதன்மையானது. 1918-இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் நிறுவிய இப்பல்கலைக்கழகத்தில், 1939-இல் திறக்கப்பட்ட கலைக்கல்லூரிக் கட்டடத்தைக் காலை வெயிலில் ஒருமுறையேனும் காண வேண்டும். இளஞ்சிவப்புக் கருங்கல்லில் எழுந்த அதன் முகப்பு, அந்த நேரத்தில் தனி ஒளி பெறுகிறது. நடையாளர்களுக்கான நேரத்தையும் விதிகளையும் முன்னரே கேட்டறிந்து செல்லலாம்.

சற்றுத் தொலைவு செல்ல விரும்புவோர்க்கு மெட்ரோ ரயில் துணை. ஹப்சிகுடா நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமல் ஜூபிலி ஹில்ஸ் செக்போஸ்ட்டில் இறங்கி, காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவை அடையலாம். 1998-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 390 ஏக்கர் பரப்புள்ள இக்காட்டில் மயில்களைக் காண்பது அரிதன்று. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால், படிக்கட்டுக்கு அஞ்சி வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை.

தெலங்கானாவில் வசிக்கும் பெண்களுக்கு 2023 டிசம்பர் 9 முதல் மகாலட்சுமித் திட்டத்தின்கீழ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண, விரைவுப் பேருந்துகளில் கட்டணமில்லை. முகவரிச் சான்றாக அடையாள அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும். உப்பலிலிருந்து புவனகிரிக்கும் யாதகிரிகுட்டாவுக்கும் செல்லும் தம்பதியர்க்கு இதனால் பேருந்துச் செலவு பாதியாகிறது.

வரங்கல் சாலையில் மூன்று நாள்

நாச்சாரத்தில் வசிப்போர்க்கு நெரிசலான நகரைக் கடக்காமலேயே நெடுஞ்சாலையை எட்டும் வாய்ப்பு இருக்கிறது. உப்பலைத் தாண்டியதும் வரங்கல் சாலை விரிகிறது. முதல் நாள் சற்றே விலகிப் போச்சம்பள்ளி செல்லலாம். 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவேயின் வேண்டுகோளை ஏற்று ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலத்தை வழங்க, பூதான இயக்கம் பிறந்தது இவ்வூரில்தான். நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமேற்றும் இக்கத் நெசவை, தறியருகே நின்று பார்த்தால்தான் அதன் உழைப்பு விளங்கும். பின்னர் நெடுஞ்சாலைக்குத் திரும்பி, யாதகிரிகுட்டா நரசிம்மரைத் தரிசித்து அனுமகொண்டாவில் தங்கலாம்.

இரண்டாம் நாள் அனுமகொண்டாவின் ஆயிரங்கால் கோயில். காகதீய மன்னர் ருத்ரதேவர் 1163-இல் எழுப்பியது. வரங்கல் கோட்டையின் கல் தோரணங்கள் அன்று மாலைக்கு. மூன்றாம் நாள் காலை முலுகு வழியாகப் பாலம்பேட்டை ராமப்பா கோயில். 1213-இல் தளபதி ரேச்சர்ல ருத்ரர் கட்டிய இக்கோயில், 2021 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதன் விமானம், நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த செங்கற்களால் ஆனது. அடித்தளத்தைக் காத்து, மேலே பாரத்தைக் குறைத்த அந்நாளைய சிற்பிகளின் கணக்கு வியப்புக்குரியது. உடல் சோர்ந்திருந்தால் அன்று வரங்கலிலேயே தங்கி, மறுநாள் திரும்புவது நலம். ஓய்வு பெற்றவருக்கு மறுநாள் காலை அலுவலகம் இல்லை.

பயணப் பணத்தை எப்படி வைப்பது?

பயணத்துக்காகப் பெரிய வைப்பு ஒன்றை இடையில் உடைப்பது இழப்பு. பணம் உண்மையில் வங்கியில் இருந்த காலத்திற்குரிய வட்டியே கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி குறைக்கப்படலாம். ஆகவே தொடக்கத்திலேயே தொகையைப் பிரித்து வைப்பது அறிவுடைமை.

பயணத்துக்கென 3 லட்சம் ரூபாய் ஒதுக்க இயலும் தம்பதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதை 80,000, 70,000, 60,000, 50,000, 40,000 என ஐந்து வைப்புகளாகப் பிரித்து, முறையே 1, 2, 3, 4, 5 ஆண்டுகளுக்கு வைக்கலாம். தொகை ஆண்டுதோறும் குறைவதற்குக் காரணம் உண்டு: உடல் வலுவுள்ள முன் ஆண்டுகளில்தான் பயணச் செலவு மிகுதி. ஒவ்வொரு வைப்பும் செப்டம்பர் இறுதியில் முதிரும்படி அமைத்தால், இப்பகுதியில் பயணத்துக்கு உகந்த அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான பருவத்தில் பணம் கையில் இருக்கும். முதல் வைப்பு முதிரும்வரை மௌலா அலியும் உஸ்மானியாவும் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை செலுத்தலாம். காலாண்டுதோறும் வட்டி வரும். இது அன்றாட வாழ்க்கைச் செலவுக்கு ஏற்றது. பயண முதலுக்கு ஏற்றதன்று. ஓராண்டுக்குள் முடித்தால் வட்டியே இல்லை. ஓராண்டுக்குப் பின் இரண்டாண்டுக்குள் முடித்தால் வைப்பில் 1.5 விழுக்காடும், அதன்பின் 1 விழுக்காடும் பிடிக்கப்படும்.

மருத்துவத்துக்கான தொகை இவை எல்லாவற்றிலிருந்தும் தனியே நிற்கட்டும். பயணக் கணக்கில் கைவைத்து மருத்துவம் பார்ப்பதும், மருத்துவப் பணத்தில் பயணம் போவதும் இரண்டுமே நிம்மதியைக் கெடுப்பவை.

புறப்படுமுன்

ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றும் தேவை. வண்டியின் காப்பீட்டுடன் இவ்வுரிமத்தின் இறுதி நாளையும் பார்த்துக்கொள்க. இரவில் ஓட்டுவதைத் தவிர்க்க.

மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் அளிக்கும் வாழ்நாள் சான்றிதழுக்காகப் பயணத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை. 'ஜீவன் பிரமாண்' வசதியின் மூலம் கைபேசியில் முகத்தைக் காட்டியே எங்கிருந்தும் அளிக்கலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர் ஆண்டின் எந்த நாளிலும் அளிக்கலாம். அது ஓராண்டுக்குச் செல்லும்.

விடுதி முன்பதிவின் பெயரால் வரும் இணைப்புகளைத் தொட்டுப் பணம் செலுத்த வேண்டாம். ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க.

தொடக்கத்தில் குறிப்பிட்ட வாடிக்கையாளர் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். மனைவி தேறியிருந்தார், படிகள் மட்டும் இன்னும் ஆகாது. இருவரும் வாடகைக் காரில் ராமப்பா கோயில் வரை சென்று வந்திருந்தனர். "மலை போகட்டும் சார், இது போகாமல் பார்த்துக்கொண்டோம்" என்றார். அன்றே மூன்று சிறு வைப்புகளைத் தொடங்கினார். மூன்றும் செப்டம்பரில் முதிர்பவை.

உங்கள் வீட்டு மாடியிலிருந்தும் ஏதேனும் ஒரு மலை தெரியக்கூடும். வைப்புத் திட்டம் குறித்துப் பேச எங்கள் கிளைக்கு எந்நாளும் வரலாம். ஆனால் அந்த மலைக்கு முதலில் சென்று வாருங்கள்.