மழைநாளுக்கும் சேர்த்த திட்டம்

மட்டாஞ்சேரியை அடுத்து, கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் டோபி கானா என்னும் பொதுச் சலவைக்கூடம் உள்ளது. அங்கே தொழில் செய்வோர் தமிழகத்திலிருந்து குடியேறிய வண்ணார் சமூகத்தினர். டச்சுப் படைவீரரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி. குளக்கரைகளில் துவைத்துவந்த அவர்களுக்கு, 1976 ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இக்கூடத்தைக் கட்டித் தந்தது. துவைகல்லும் தொட்டியும் கொண்ட தனித்தனி அறைகள், பொதுவான காயவைக்கும் மைதானம், தேய்க்கும் கூடம் என வேலையின் வரிசையே கட்டடத்தின் வரிசையாக அமைந்திருக்கிறது.

சுற்றுலாப் பயணிகள் இவ்விடத்தைப் படம் பிடித்துச் செல்கின்றனர். நாமோ இதைச் செயல்பாட்டுத் திட்டத்திற்கு நல்ல பாடமாகக் கருதுகிறோம். கொடியில் கவ்விகள் இல்லை. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனை செருகப்படுகிறது. செலவும் இல்லை, துணியில் துருக்கறையும் இல்லை.

கடன் கேட்டு வருவோர் பலரும் வணிகத் திட்டத்தைக் கொண்டுவருகின்றனர். எவ்வளவு விற்கும், எவ்வளவு இலாபம் கிடைக்கும் என்று அது கூறும். நாளை காலை யார், எதை, எந்த வரிசையில், எத்தனை மணிக்குள் செய்வது என்பதைக் கூறுவதே செயல்பாட்டுத் திட்டம். அதை எங்கிருந்து தொடங்குவது? வேலை எங்கே தேங்குகிறதோ, அங்கிருந்துதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சலவைக் குடும்பத்தால் நாளொன்றுக்கு 200 துணிகளைத் துவைக்க முடியும். 120 துணிகளைத் தேய்க்க முடியும். வெயில் நாளில் மைதானம் எத்தனை துணியையும் உலர்த்தித் தரும். ஆகவே அன்று வேலை தேங்குவது இஸ்திரி மேசையில். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கணக்கு மாறுகிறது. கூரைக்கடியில் 80 துணிகளே உலரும் என்போம். அப்போதும் வழக்கம்போல் 200 துணிகளை வாங்கினால் நாள்தோறும் 120 துணிகள் ஈரமாகவே தேங்கும். ஐந்தே நாளில் 600! துணியில் நாற்றம் ஏறும். விடுதிக்காரர் வேறிடம் தேடுவார்.

இந்நிலையில் புதிய இஸ்திரிப் பெட்டி வாங்கினால் பயனில்லை. துவைக்கும் இயந்திரம் வாங்கினால் தேக்கம் கூடும். நாளொன்றுக்கு 60 துணிகளை உலர்த்தும் இயந்திரம் ஒன்றே திருப்பிக் கொடுக்கும் எண்ணிக்கையை உயர்த்தும். அதுவும் 140 ஆகாது. தேய்க்க இயல்வது 120 தானே! எலியாகு கோல்ட்ராட் 1984 இல் வெளிவந்த 'தி கோல்' என்னும் நூலில் தொழிற்சாலைகளை முன்வைத்து விளக்கியது இதைத்தான். இயந்திரம் வாங்க இயலாதவருக்கும் வழியுண்டு: மழை மாதங்களில் விடுதிகளுக்குத் தரும் கெடுவை முன்கூட்டியே நீட்டலாம், கனத்த விரிப்புகளைக் குறைத்து, விரைவில் உலரும் துணிகளை ஏற்கலாம். மே மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை இவை.

மற்றொரு தேக்கம் பணத்தில் நிகழ்வது. சோப்பு, நீலம், கஞ்சிக்கான அரிசி, கரி, மின்சாரம், கூலி எல்லாவற்றிற்கும் நாளுக்கு 1,500 ரூபாய் செலவு என்றும், விடுதியின் முதல் தொகை 45 ஆம் நாளில் வருகிறது என்றும் கொண்டால், அதுவரை கையில் இருக்க வேண்டியது 67,500 ரூபாய். கடன் தொகை முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, இரண்டாம் வாரத்தில் சோப்புக்குக் கைமாற்று தேடும் நிலை உண்டாவது இக்கணக்கைப் போடாததால்தான்.

ஆள் குறித்த ஏற்பாடும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தக் குறி எந்த வீட்டுத் துணிக்கு உரியது என்பது மூத்தவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் காய்ச்சலில் படுத்த அன்று கடையே படுத்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: குறி, எண்ணிக்கை, வாங்கிய நாள், கொடுக்க வேண்டிய நாள்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் அடங்கும் 18 தொழில்களுள் சலவைத் தொழிலும் ஒன்று. பிணையின்றி 5 விழுக்காடு வட்டியில் முதற்கட்டமாக 1 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதை 18 மாதங்களில் திருப்பிச் செலுத்தலாம். அதன்பின் 2 இலட்சம் ரூபாய் வரை இரண்டாம் கட்டக் கடன் உண்டு. அதற்கான காலம் 30 மாதங்கள். விண்ணப்பிக்க வருவோர் மேற்சொன்ன நோட்டையும் உடன் கொண்டுவரலாம். அதில் ஜூன், ஜூலை மாதப் பக்கங்களையே நாம் முதலில் புரட்டிப் பார்ப்போம்.