இரண்டு கணினி, ஒரே பட்டியல்

அலுவலகக் கணினியில் ஒரு வேலைப் பட்டியல், வீட்டு மடிக்கணினியில் இன்னொன்று. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய தேதி முதலாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. தேதி கடந்த பிறகுதான் அது தெரிய வருகிறது. இப்படி நேராமல் தடுப்பதே ஒத்திசைவு. ஒரு கணினியில் எழுதுவது மற்றக் கணினிகளிலும் தானாகப் பதிவாகும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, முழுப் பட்டியலையும் ஒரே கோப்பாக வைத்திருப்பது. ஜினா டிராப்பனி 2006-இல் அறிமுகப்படுத்திய 'டுடூ டாட் டிஎக்ஸ்டி' இவ்வகையானது. அதில் வரிக்கு ஒரு வேலை. அக்கோப்பை டிராப்பாக்ஸில் வைத்தால் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் இணையத் தொடர்பு இல்லாதபோது இரண்டு கணினிகளிலும் திருத்தம் செய்தால் எது சரி என்று டிராப்பாக்ஸ் முடிவு செய்வதில்லை. 'முரண்பட்ட நகல்' என்று இன்னொரு கோப்பை உண்டாக்கி வைக்கும். அதைத் திறந்து பார்க்காதவருக்கு அதிலுள்ள வேலை கண்ணில் படாமலே போகும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் சேவையகத்தில் வைப்பது. மைக்ரோசாப்ட் டு டூ போன்ற செயலிகள் இவ்வகை. ஒவ்வொரு வேலைக்கும் தனி அடையாளம் இருப்பதால், இரண்டு கணினிகளில் எழுதிய வெவ்வேறு வேலைகள் மோதாமல் ஒன்றுசேரும். ஒரே வேலையை இரண்டிலும் திருத்தினால் மட்டுமே சிக்கல். அப்போது பெரும்பாலும் கடைசித் திருத்தமே நிற்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒரு கணினியில் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் மற்றக் கணினிகளுக்குப் போய்ச் சேரும். சேவையே நின்று போவதும் உண்டு. பெர்லினில் உருவான வுண்டர்லிஸ்ட் செயலியை 2015-இல் வாங்கிய மைக்ரோசாப்ட், 2020 மே 6-ஆம் தேதி அதை மூடியது.

ஆகவே சில பழக்கங்கள் நல்லது. கணினியை மூடுமுன் ஒத்திசைவு முடிந்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்த கணினியைத் திறந்ததும் புதிய பட்டியல் வந்து சேரும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். மாதம் ஒருமுறை பட்டியலைத் தனியே நகலெடுத்து வைக்க வேண்டும்.

அம்மாவின் மருத்துவமனைத் தேதியைச் சுவர் நாள்காட்டியிலும் எழுதி வைத்தால் குறையொன்றும் இல்லை. அதற்கு இணையம் தேவையில்லை.