ஜீன்ஸ் தொடையில் பிடிக்குது, இடுப்பில் தொங்குதா? தப்பு உங்க உடம்பில் இல்லை... வாங்கும் முன் இதை கவனிங்க!

ட்ரயல் ரூமில் பலருக்கும் நடக்கும் கதைதான் இது. 30 சைஸ் ஜீன்ஸை போட்டால் தொடையோடு நின்றுவிடும். சரி என்று 32-ஐ எடுத்தால் தொடையும் சீட்டும் கச்சிதமாக இருக்கும், ஆனால் முதுகுப்பக்கம் இடுப்பில் கையையே விடலாம். "வெயிட் போட்டுட்டேன் போல" என்று கண்ணாடியைப் பார்த்து நொந்துகொண்டு, கூடவே ஒரு பெல்ட்டையும் வாங்கி வருவார்கள். உண்மையில் அந்த ஜீன்ஸ் வேறு ஒரு உடல்வாகுக்காக வெட்டப்பட்டது, அவ்வளவுதான்.

லேபிளில் இருக்கும் நம்பரை நம்பலாமா?

30 என்று போட்டிருந்தால் இடுப்பு 30 இன்ச் என்றுதான் நினைப்போம். டேப் வைத்து அளந்தால் பல ஜீன்ஸ்கள் அதைவிட கூடுதலாகவே இருக்கும். 'நாம இன்னும் அதே சைஸ்தான்' என்ற சந்தோஷத்தை வாடிக்கையாளருக்குத் தருவதற்காக சில பிராண்டுகள் செய்யும் வேலை இது. இதற்கு 'வேனிட்டி சைஸிங்' என்றே பெயர். அதனால் ஒரு கடையில் 30 போட்டவருக்கு அடுத்த கடையில் 32 தேவைப்படுவது சகஜம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தியர்களுக்கென தனி சைஸ் சார்ட் இல்லாததால், இங்கே விற்கும் பல பிராண்டுகள் அமெரிக்க, பிரிட்டன் அளவுகளை வைத்தே தைத்து வந்தன. இதை மாற்றத்தான் மத்திய ஜவுளித்துறையும் நிஃப்ட் நிறுவனமும் 6 நகரங்களில் 25,000 பேரை 3டி ஸ்கேனர் மூலம் அளவெடுக்கும் திட்டத்தை கையில் எடுத்தன.

இடுப்பு சைஸை விட முக்கியம் 'ரைஸ்'

கால்கள் இரண்டும் சேரும் தையலில் இருந்து முன்பக்க பட்டன் வரைக்கும் உள்ள உயரம்தான் ரைஸ். சுமார் 7, 8 இன்ச் என்றால் லோ ரைஸ், 9, 10 என்றால் மிட் ரைஸ், அதற்கு மேல் ஹை ரைஸ். ஜீன்ஸ் உடம்பில் எந்த இடத்தில் உட்காரும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

சின்ன இடுப்பு, அகலமான தொடை, பெரிய சீட் உள்ளவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். இவர்கள் இடுப்பைப் பார்த்து வாங்கவே கூடாது. சீட்டுக்கும் தொடைக்கும் எது சரியாக இருக்கிறதோ அதை எடுத்துவிட்டு, இடுப்பை டெய்லரிடம் கொடுத்து பிடித்துக்கொள்ளலாம். பின்பக்க நடுத்தையலில் ஒன்று, ஒன்றரை இன்ச் குறைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் தொடையை பெரிதாக்குவது நடக்காது, உள்ளே விடுவதற்கு துணியே இருக்காது. 'கர்வி ஃபிட்' என்று போட்டிருந்தால் அது இந்த உடல்வாகுக்காகவே வெட்டியது. பேன்ட்டின் கீழ்ப்பகுதி ஸ்ட்ரெயிட் அல்லது பூட்கட் என்றால் தொடையின் அகலம் தனியாகத் தெரியாது.

வயிறு கொஞ்சம் முன்னால் இருப்பவர்கள் செய்யும் தவறு, லோ ரைஸ் எடுப்பது. குறிப்பாக ஆண்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறுக்கிவிட்டு, நாள் முழுக்க பேன்ட்டை மேலே தூக்கிக்கொண்டே இருப்பார்கள்! மிட் ரைஸ் அல்லது ஹை ரைஸ் எடுத்தால் வயிற்றோடு சேர்ந்து உட்காரும், நழுவாது. ஆனால் நின்றபடி மட்டும் போட்டுப் பார்த்து வாங்கிவிடாதீங்க. உட்காரும்போது இடுப்புச் சுற்றளவு கூடும். பட்டன் போட்டபடி உட்கார்ந்து பார்த்து, இரண்டு விரல் உள்ளே போனால் அந்த சைஸ் ஓகே.

ஒல்லியாக, இடுப்பும் சீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பவர்களுக்கு பெரும்பாலான ஜீன்ஸ் பொருந்திவிடும். மூடி வைத்த பின்பக்க பாக்கெட் இருந்தால் சீட் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். தோள் அகலமானவர்களுக்கு வைட் லெக் நல்ல சாய்ஸ். குள்ளமானவர்கள் நீளத்தை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுவது நல்லது. காட்டன் நீளவாக்கில் சுருங்கும், அப்புறம் கணுக்காலுக்கு மேல் போய் நிற்கும்.

இறுக்கம் ஓகேதானே?

இல்லை. இடுப்பை இறுக்கும் ஜீன்ஸை தொடர்ந்து போட்டால், தொடையின் வெளிப்பக்க உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு அழுந்தி, அந்த இடம் மரத்துப்போகலாம், எரிச்சலும் வரலாம். ஆஸ்திரேலியாவில் 35 வயது பெண் ஒருவர், ஸ்கின்னி ஜீன்ஸ் போட்டபடி பல மணி நேரம் குத்துக்காலிட்டு அலமாரிகளை காலி செய்திருக்கிறார். மாலையில் கால்கள் மரத்து நடக்கவே முடியாமல் விழுந்துவிட்டார். கால்கள் வீங்கியிருந்ததால் ஜீன்ஸை வெட்டித்தான் எடுத்தார்கள். 4 நாள் மருத்துவமனையில் இருந்த பிறகே நடந்தார். 2015-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சம்பவம் இது. ஸ்கின்னி போடவே கூடாது என்பதில்லை, ஆனால் குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கும் நாளுக்கு அது வேண்டாம்.

ட்ரயல் ரூமில் ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்க. முட்டியும் தொடையும் பிடித்தால் அடுத்த சைஸுக்குப் போங்க. நூறு சதவீத காட்டன் என்றால் போடப் போட கொஞ்சம் லூஸாகும் என்பதால், லேசாக பிடித்தாலும் வாங்கலாம். ஒன்றிரண்டு சதவீதம் எலாஸ்டேன் கலந்தது என்றால் முதல் நாளே வசதியாக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கறவங்களுக்கு ட்ரயல் ரூம் கிடையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸை எடுத்து தரையில் விரித்து, இடுப்பு, சீட், தொடை, ரைஸ், உள்கால் நீளம் இந்த ஐந்தையும் அளந்து போனில் குறித்து வைங்க. சைஸ் சார்ட்டில் உடல் அளவு, துணி அளவு என்று இரண்டு விதம் இருக்கும். துணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். விரித்து அளந்த இடுப்பு, சீட், தொடை அளவுகளை இரண்டால் பெருக்க மறந்துடாதீங்க.